நகரக்கூடும், நகர வேண்டும், முறுக்குச் சுட வாங்க

1

போன செவ்வாய்க்கிழமை நான் எழுதிய அறிவிப்பு ஒன்றை மேகன் திருத்தித் திருப்பி அனுப்பினார். மேகன் என் மேலாளர். மாறியிருந்தது ஒரே ஒரு சொல். சரிவு நகரும் என்ற பொருளில் ‘வில் மூவ்’ என்று எழுதியிருந்தேன். ‘வில்’லை அடித்துவிட்டு ‘குட்’ போட்டிருந்தார். ஓரத்தில் ஒரு குறிப்பு: இதை நீங்கள் இன்னொரு தடவை பார்க்க விரும்பலாம். உடனே மாற்று என்று அதற்குப் பொருள்.

தவறு என்னுடையதுதான். அன்று காலை, இலங்கையில் எங்கள் ஊர் இருக்கும் பதுளை மாவட்டத்து மழைச் செய்தியைப் படித்துவிட்டு வேலைக்கு வந்திருந்தேன்.

நான் வேலை செய்வது வேல்ஸில், பள்ளத்தாக்கு ஊர்களுக்கு மேலே நிற்கும் சரிவுகளைக் கண்காணிக்கும் ஓர் அலுவலகத்தில். மண்ணுக்குள் இறக்கிய குழாய்களில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, கம்பிகள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று கருவிகள் சொல்லும். அதைப் படித்து, கீழே குடியிருக்கிறவர்களுக்கு அறிவிப்பு எழுதுவது என் பொறுப்பு. மடுல்சீமையில் பிறந்த எனக்கு மழையைப் பற்றி இங்கே யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சொற்களைத்தான் சொல்லித்தந்தார்கள்.

மேசைக்கு மேலே ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது. அதில் மலைக்கும் மனிதருக்கும் ஒரே வினைச்சொல்தான்: மூவ். முன்னால் வரும் துணைச்சொற்கள் மட்டும் வேறு. மலைக்கு மே, மைட், குட். மனிதருக்கு முதல் கட்டத்தில் ‘மே நீட் டு’, இரண்டாம் கட்டத்தில் ‘ஷுட்’, கடைசியில் ‘மஸ்ட்’. மலையிடம் யாரும் மஸ்ட் என்று சொல்வதில்லை. ‘வில்’ அட்டவணையிலேயே கிடையாது. நகரும் என்று எழுதி நகராமல் போனால் அது பொய்யாகிவிடும். நகரக்கூடும் என்று எழுதினால் எது நடந்தாலும் நாம் எழுதியது சரி.

2

இந்தச் சொற்களைப் பள்ளிக்கூடத்தில் நானும் பாடமாக்கியவள்தான். கேன் என்றால் முடியும், மே என்றால் லாம், மஸ்ட் என்றால் வேண்டும். பரீட்சையில் நல்ல புள்ளி. விமானம் ஏறி இங்கே வந்து இறங்கியதும் அவையெல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

முதல் வருடத்தில் நானே எனக்காக எழுதி வைத்தவை சில:

ஒருவர் ‘நீங்கள் எப்போதாவது வீட்டுக்கு வர வேண்டும்’ என்றால் வரத் தேவையில்லை. முகவரி கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம்.

‘இதைச் செய்திருக்கலாமோ’ என்று கேட்டால், செய்யாதது பிழை.

வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்தபோது வந்த கடிதத்தில், மேலதிக ஆவணங்கள் கேட்கப்படலாம் என்று இருந்தது. கேட்டார்கள். தாமதம் ஏற்படலாம் என்று இருந்தது. ஏற்பட்டது. பிறந்த இடத்தின் முகவரிக்கு வீட்டிலக்கமும் வீதியும் கட்டாயம் என்றது கணினி. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்கு வீதி கிடையாது. தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் போட்டேன். இந்த முகவரி பிழையாக இருக்கலாம் என்று சிவப்பில் காட்டியது. அது பிழையில்லை. அப்பாவுக்குக் கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறி, சில சமயம் ஈரமாக வந்து சேரும்.

ஆக, அரசாங்கக் கடிதத்தில் ‘மே’ என்றால் நடக்கும். மேலாளர் வாயில் ‘மைட்’ என்றால் செய்தே ஆக வேண்டும். மலை விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் பொருள் யாருக்கும் தெரியாது.

என் மகள் தாரணிக்கு நான்கு வயது. நேர்சரியில் ஆசிரியை ‘காலில் சப்பாத்தைப் போட்டுக்கொள்ள விருப்பமா?’ என்று கேட்கிறார். ‘இல்லை, நன்றி’ என்கிறாள் அவள். இது கேள்வியில்லை என்று நான் தமிழில் விளக்கினேன். ‘பிறகு ஏன் கேட்கிறார்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இப்போது அவள் என்னிடம் தமிழ் பேசுவது மருந்து கொடுக்கும்போது மட்டும்தான். ‘வேணாம்’ என்ற சொல் அவளிடம் இன்னும் திடமாக இருக்கிறது.

3

சென்ற வருடம் தீபாவளிக்கு முந்திய வாரம் அங்கே விடாத மழை. எங்கள் லயம் ஒரு சரிவின் மடியில் இருக்கிறது. பின்பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கான், அதற்கு மேலே மாட்டுக் கொட்டகை, அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே மண்ணில் பழைய வெடிப்பு ஒன்று. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். அப்பா வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஒரு மாடு வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் அந்த லயத்துக்குச் சங்கத் தலைவராக இருந்தவர் என்பதால் இன்றைக்கும் யாருக்குப் பிரச்சினை என்றாலும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் இறங்கினால் லயம் இறங்கும். அவர் உட்கார்ந்தால் எல்லாரும் உட்காருவார்கள்.

முதல் அறிவிப்பு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வந்தது. மண்சரிவு ஏற்படக்கூடும் என்பதால் வெளியேறுவதற்கு ஆயத்தமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். மொழிபெயர்த்தவர் என் அட்டவணையைப் பார்த்திருப்பாரோ என்று தோன்றியது. ‘குட்’ அப்படியே ‘கூடும்’ ஆகியிருந்தது.

என் மதிய இடைவேளையில் போன் எடுத்தேன். அங்கே மாலை. ஆயத்தமாக இருக்கிறாரா என்று அப்பாவிடம் கேட்டேன்.

“ஆயத்தமாத்தாம்மா இருக்கேன். குளிச்சு, சட்ட போட்டு, ஒக்காந்திருக்கேன்.”

“எப்பப்பா எறங்குவீங்க?”

“ஆயத்தமா இருன்னுதானே சொன்னான். எறங்குன்னா சொன்னான்?”

மறுநாள், கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கச் சொல்லியும் அறிவித்தார்கள். அப்பா இறங்கவில்லை. வெடிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இப்போது கை முழுசாக உள்ளே போகிறது என்றார், தண்ணீர்த் தொட்டியின் ஆழத்தைச் சொல்வது போல. கீழ் ஓரத்தில் கலங்கல் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். அதுவும் வருகிறதாம். இங்கே எங்கள் சரிவுகளில் ஏதாவது ஒன்று இப்படிப் பேசியிருந்தால், அன்று மதியமே மேகன் மஸ்ட் போட்டிருப்பார், பொலிஸ் வீதியை மூடியிருக்கும்.

தமிழில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

“பள்ளிக்கூடத்துக்குப் போகலாமேப்பா.”

“போகலாம்,” என்றார்.

“போனா நல்லதுப்பா.”

“நல்லதுதான்.”

“போகணும்பா.”

“போகணும்தான். யாரு இல்லேங்குறா?”

“போயே ஆகணும்பா.”

“மாட்ட யாரு பாக்குறது?”

அத்தோடு என்னிடம் இருந்த சொற்கள் தீர்ந்தன. ஒன்றைக்கூட அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

4

அப்பா ஏன் போகவில்லை என்பதற்கு அவர் நேரடியாகச் சொன்ன காரணம் மாடு. அம்மா போனை வாங்கிக்கொண்டு வாசல் பக்கத்து இஸ்தோப்புக்கு வந்து மெதுவாகச் சொன்ன காரணங்கள் வேறு. முந்திய தடவை பக்கத்துப் பிரிவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் திரும்பி வர மாதக்கணக்காகிவிட்டது. பிள்ளைகள் படிக்கிற வகுப்பின் ஓரத்திலேயே சமையல். குடியிருக்கிற அறைக்கு, அந்தக் காம்பராவுக்கு, நம்மிடம் உறுதிப் பத்திரம் கிடையாது, பூட்டிவிட்டுப் போனால் காலி என்று யாராவது சொல்லிவிடலாம். அதைவிட, உயிருக்குப் பயந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று பேர் வாங்க அவருக்குப் பிடிக்காது.

“கூப்புட்டா போவாரு,” என்றார் அம்மா. “போன்னு சொன்னா போக மாட்டாரு. ஒனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். லயத்தில் யாரையும் போ என்று சொல்லி எதுவும் நடப்பதில்லை. வாங்க என்று சொன்னால், அதையும் முறையாகச் சொன்னால், காய்ச்சலோடும் வருவார்கள். கல்யாண வீட்டில் வெங்காயம் உரிக்கக் கூப்பிடவில்லை என்று வருடக்கணக்காகப் பேசாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆகவே, அப்பாவை அந்தச் சரிவிலிருந்து கூப்பிட ஒரு விசேஷம் வேண்டும். பட்டியல் போட்டேன்.

கல்யாணம்: முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

சடங்கு: சொந்தத்தில் அந்த வயதில் யாரும் மிச்சமில்லை.

மரணம்: யாரையும் கேட்க முடியாது.

மிஞ்சியது அத்தை. ராணி அத்தை அப்பாவின் தங்கை. லுணுகலையில், ஒரு கடைக்குப் பின்னால் வாடகைக்கு இருக்கிறார். முறுக்கு, பயற்றம் உருண்டை செய்து கடைகளுக்குப் போடுகிறார். கெட்டியான வீடு, சமதரை, எந்த மலையும் அதன் மேல் சாயவில்லை. ஒரே ஒரு சிக்கல். அப்பா அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அத்தை மகளின் சடங்குக்கு, பஸ் ஓடவில்லை என்று, அத்தை போனில் அழைப்புச் சொல்லிவிட்டார். வெற்றிலை பாக்கு வைக்காமல், வீட்டுக்கு வராமல். ‘போன்ல கூப்புட்டா போன்லயே சாப்புட்டுக்கலாம்’ என்று அப்பா அன்று சொன்னது லுணுகலை வரை போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசவில்லை.

அத்தைக்குப் போன் போட்டேன். வெடிப்பைப் பற்றிச் சொன்னேன். கலங்கல் தண்ணீர் என்றதும் அவருக்குப் புரிந்தது. தீபாவளிக்கு ஏதாவது ஆர்டர் எடுத்திருக்கிறீர்களா, கை பத்தவில்லை என்று அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட முடியுமா என்று கேட்டேன்.

“பொய் சொல்லச் சொல்றியா?”

“இல்லத்த. சும்மா...”

“ஆர்டர் நெசமாவே இருக்கும்மா. கையும் நெசமாவே பத்தல.” என்றார் அத்தை. “போன்ல சொல்லிப் பாக்கட்டுமா?”

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. “வேணாம், நேர்லயே போறேன்,” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

5

இந்த இடத்தில் தொழில்முறையில் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு சரிவின் கீழே இருக்கும் இரண்டு பேரை வெளியே எடுப்பதற்காக மூன்றாவது ஆளை அதன் கீழே அனுப்புவது எந்த நாட்டு நடைமுறையிலும் இல்லை. அத்தையிடம் சொன்னேன்: லயத்துக்குக் கீழே ஃபக்டரிச் சந்தியோடு நில்லுங்கள், அதற்கு மேலே ஏறாதீர்கள், யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள்.

“சொல்லி அனுப்புனா அது இன்னொரு போனு,” என்றார்.

சந்தி வரைதான் ஆட்டோ போனது. அதற்கு மேல் பாதை ஆறாக இருந்தது. அன்று எனக்கு ஒரு கூட்டம். வேறொரு பள்ளத்தாக்கில், குடியிருப்பாளர்களுக்கு ‘ஷுட்’ போதுமா ‘மஸ்ட்’ போடுவதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. கருத்துச் சொல்ல விரும்பக்கூடுமா என்று மேகன் என்னைக் கேட்டார். மஸ்ட் என்றேன். வழக்கமாக நான் அவ்வளவு சுருக்கமாகப் பேசுவதில்லை என்பதால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்து நடந்ததை அம்மா பின்னால் சொன்னார். அத்தை முழுக்க நனைந்து வந்து நின்றாராம். செருப்பு ஒன்று பாதையோடு போய்விட்டது. வெற்றிலையும் பாக்கும் வாழைப்பழமும் சொப்பிங் பையில் பத்திரமாக இருந்தன. தட்டுக் கொண்டுவர மறந்துவிட்டார். நேரே குசினிக்குள் போய் அம்மாவின் அலுமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து, துடைத்து, எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு வந்தார்.

“எங்கூட்டுத் தட்ட எடுத்து எங்களுக்கே நீட்டுறா,” என்றார் அம்மா. அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

அப்பா எழுந்து நின்றாராம். அத்தை சொன்னது இதுதான்:

“அண்ணே, அண்ணி, ரெண்டு பேரும் வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்.”

“என்னாத்த?”

“முறுக்கு.”

“முறுக்குக்கா வெத்தில பாக்கு?”

“சடங்குக்கு வைக்காதத இப்ப வைக்கிறேன். எடுத்துக்கங்க.”

பின்னால் கானில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. அப்பா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அம்மா அதற்குள் பையைக் கட்டிவிட்டார். பை முந்திய நாளிலிருந்தே கட்டிலுக்கடியில் பாதி கட்டியபடி இருந்தது என்பதை என்னிடம் மட்டும் சொன்னார். அப்பா இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். ஏற்கெனவே ஆயத்தமாக இருந்ததால் சட்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மாட்டை அவிழ்த்து, மலையின் மறுபக்கத்து லயத்தில் அம்மாவோடு கொழுந்து பறிக்கும் ஒருவர் வீட்டில் கட்டினார்கள். பையோடு அவர் இறங்குவதைப் பார்த்து மற்றக் காம்பராக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். எங்கே என்று கேட்டார்கள்.

“தங்கச்சி வீட்டுல ஒரு விசேசம். வச்சுக் கூப்புட்டிருக்கு, போகாம இருக்க முடியாது,” என்றார் அப்பா. “நீங்க என்னா இங்க பண்றீங்க? ஸ்கூலுக்கு எறங்குங்க.”

இறங்கினார்கள். ஒலிபெருக்கி சொல்லியும் இறங்காத லயம், முறுக்குச் சுடப் போகிறவர் சொல்லி இறங்கியது.

6

அடுத்த நாள் மாலை சரிவு நகர்ந்தது. முழு மலையும் இல்லை, ஒரு துண்டு. கானை மூடி, கடைசி இரண்டு காம்பராக்களின் குசினிச் சுவரில் வந்து சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்பா போனில் ஒரே வரியில் முடித்தார். “கொட்டா போச்சும்மா. காம்பரா இருக்கு.”

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. அது பால் கறக்கிற நேரம். அப்பா அந்த நேரத்தில் அந்தக் கொட்டகைக்குள் இல்லாமல் இருந்த நாள் எனக்கு நினைவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வேறு விஷயம் பேசினோம். அத்தை ஓமம் அதிகமாகப் போடுகிறார் என்றார். பின்னால் அத்தையின் குரல் கேட்டது. சுடத் தெரியாதவர்கள் சுற்றிக் கட்டினால் போதும், வாயை மூடிக்கொண்டு கட்டலாம் என்றது. அப்பா கட்டினாராம்.

சில வாரங்கள் அங்கேயே இருந்தார்கள். பிறகு அதிகாரிகள் வந்து பார்த்து, லயத்தின் எங்கள் புறத்துக் காம்பராக்காரர்கள் திரும்பிப் போகலாம் என்றார்கள். அப்பா அன்றே போனார். ‘லாம்’ என்று ஒருவர் சொல்லி அவர் உடனே எழுந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

அலுவலகத்தில் இதை மேகனிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். அத்தை பத்திரமாக இறங்கினாரா என்று முதலில் விசாரித்தார், முறுக்கு என்றால் என்ன என்று பிறகு. கடைசியில், அழைப்பு என்ற விஷயத்தை நம் வழிகாட்டியில் சேர்ப்பதைப் பற்றி நாம் பார்க்கலாம் என்றார். ‘குட் லுக் அட்’. என் அனுபவத்தில் அதற்குப் பொருள், ‘மாட்டோம்’. அட்டவணை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதைக் குறை சொல்லவும் முடியாது. எந்தத் துணைச்சொல்லுக்கு எதிரே ‘வெற்றிலை’ என்று எழுதுவது?

போன செவ்வாய்க்கிழமையும் ‘வில்’லை ‘குட்’ ஆக்கி அறிவிப்பை மறுபடி அனுப்பினேன். அந்தச் சரிவுக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு லுணுகலையில் அத்தை இருக்கிறாரா என்று தெரியவில்லை.

7

இந்த வருடத் தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஞாயிறு காலை தாரணிக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், கேள்வி கேட்காமல். அப்பா அழைத்தார். வழக்கமாக நான்தான் அழைப்பேன்.

பேத்தியைக் கேட்டார். இங்கே குளிரா என்று கேட்டார். கொட்டகையை இப்போது லயத்துக்கு முன்பக்கம், பள்ளத்தில் கட்டியிருப்பதாகவும், மாட்டுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை என்றும் சொன்னார். வெடிப்பைப் பொலித்தீனால் மூடியிருக்கிறார்கள். மழை என்றேன். ஆமாம், பிடித்துக்கொண்டது என்றார். ஒலிபெருக்கி இன்னும் வரவில்லையாம்.

அதற்குப் பிறகும் அவர் போனை வைக்கவில்லை. கூரையில் மழை விழும் சத்தம் எனக்குக் கேட்டது.

“ராணி இந்த வருசம் ஆர்டர் எடுக்கலியாம்மா?”

“தெரியலியேப்பா. கேக்கட்டுமா?”

“நீயா கேக்குற மாதிரி கேளு.”

“சரிப்பா.”

“வெத்திலையத் தூக்கிக்கிட்டு இந்த மழையில ஏறி வர வேணாம்னு சொல்லு. பாத வழுக்குது.” இடையில் மாட்டை ஒருமுறை அதட்டினார். “போன்ல கூப்புட்டா போதும்.”